லீ–என்ஃபீல்டு துப்பாக்கிகளின் முத்திரைகளும் மூலப் பாகங்களும்

லீ–என்ஃபீல்டு என்பது 1895 முதல் பிரித்தானியப் படைகள் பயன்படுத்திய, போல்ட்டைக் கையால் இயக்கும் .303 குறுவிட்டத் துப்பாக்கி வகையாகும். இந்தியக் காவல்துறையில் நெடுங்காலம் இருந்த ‘த்ரீ நாட் த்ரீ’ இதுவே. பழைய துப்பாக்கி ஒன்றின் பாகங்கள் ஆலையிலிருந்து வந்தவையா, பின்னர் மாற்றப்பட்டவையா, அல்லது முழுவதுமே போலியா என்பதை அதன் உலோகத்திலும் மரத்திலும் பதிந்துள்ள முத்திரைகளைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம்.

முதன்மை முத்திரை

1907இல் அறிமுகமான மார்க் 3 வகையில், பின்கட்டை செருகப்படும் இரும்புப் பகுதியின் வலப்பக்கம் முதலில் பார்க்க வேண்டிய இடமாகும். அங்கு மேலிருந்து கீழாக மகுடம், அரசரின் முதலெழுத்துகள், ஆலையின் பெயர், ஆண்டு, மாதிரி ஆகியவை இருக்கும். இங்கிலாந்தில் என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ., எல்.எஸ்.ஏ. ஆகிய ஆலைகளும், ஆஸ்திரேலியாவில் லித்கோவும், வங்காளத்தில் இச்சாப்பூரும் இவற்றைத் தயாரித்தன. இச்சாப்பூர் துப்பாக்கிகளில் ‘ஜி.ஆர்.ஐ.’ என்ற எழுத்துகள் காணப்படுவதுண்டு. விடுதலைக்குப் பின் மகுடத்தின் இடத்தை அசோகச் சிங்கங்கள் பிடித்தன.

அரசரின் எழுத்தும் ஆண்டும் பொருந்த வேண்டும். விக்டோரியா 1901இல் இறந்தார், எனவே ‘வி.ஆர்.’ எனப் பொறித்த மார்க் 3 இருக்க முடியாது. 1910 வரை ‘ஈ.ஆர்.’, அதன் பின் ‘ஜி.ஆர்.’ என்பதே முறை. மார்க் 3* என்ற உடுக்குறி 1916இல் வந்தது. போர்க்கால உற்பத்தியை விரைவாக்க மேகசின் தடுப்புத் தகடும் தொலைதூரப் பக்கக் குறிகாட்டிகளும் கைவிடப்பட்டதை அது காட்டுகிறது.

வரிசை எண்

ரிசீவர், குழல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், பின் குறிகாட்டித் தகட்டின் அடிப்பக்கம், முன் மரக்கட்டை, அதன் நுனியிலுள்ள உலோக மூடி ஆகியவற்றில் ஒரே எண் இருந்தால், அவை ஒன்றாகவே ஆலையை விட்டு வந்தவை எனக் கொள்ளலாம். இவற்றுள் போல்ட் எண்ணே மிக முக்கியமானது. போல்ட்டின் தாங்கு முனைகள் அந்தந்த ரிசீவருக்கென்றே பொருத்தப்பட்டவை. வேறு துப்பாக்கியின் போல்ட்டைச் செருகினால் தோட்டாவுக்குப் பின்னுள்ள இடைவெளி கூடி, சுடும்போது தோட்டா உறை பிளக்கக்கூடும். எனவே இது விலையை மட்டும் சார்ந்த விவரம் அன்று.

எண் மாறுபட்டாலே போலி என்று முடிவுகட்டுவதும் தவறு. படைத்தளப் பட்டறைகள் பாகத்தை மாற்றியபோது பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துவிட்டுப் புதிய எண்ணைப் பொறித்தன. ‘எஃப்.டி.ஆர்.’ என்ற எழுத்துகளும் ஓர் ஆண்டும் இருந்தால், அந்த ஆண்டில் முழுமையாகப் பழுதுபார்க்கப்பட்டது என்று பொருள். முதல் உலகப் போரின்போது பாகங்களைப் பல நிறுவனங்களிடம் செய்வித்து என்ஃபீல்டில் ஒன்றிணைத்ததால், ஒரே துப்பாக்கியில் வெவ்வேறு தயாரிப்பாளர் எழுத்துகள் இருப்பதும் இயல்பே. மாறாக, தேய்ந்த உலோகத்தின் மேல் கூரிய விளிம்போடு பளிச்சென்று தெரியும் எண்தான் ஐயத்திற்குரியது.

பிற குறிகள்

அகன்ற அம்புக்குறி அரசு உடைமையைக் குறிக்கும். இரண்டு அம்புகள் நுனியோடு நுனி எதிரெதிராக இருந்தால், படையிலிருந்து விற்கப்பட்டது. குறுக்காக அமைந்த இரு கொடிகள் படைத்துறையின் வெடிப்புச் சோதனை முத்திரை. ‘டி.பி.’ என்பது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் உரியது. அத்துப்பாக்கியைச் சுடக் கூடாது. பின்கட்டையின் வலப்பக்கத்திலுள்ள பித்தளை வில்லையில் படைப்பிரிவின் பெயர்ச்சுருக்கம் இருக்கலாம்.

மரத்தை உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவது மிகுந்த இழப்பை உண்டாக்கும். ஆய்வாளரின் மெல்லிய முத்திரைகள் முதலில் அழிவது அப்போதுதான்.

கைபர் போலிகள்

ஆப்கான் எல்லையை ஒட்டிய தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களின் கொல்லர்கள் இத்துப்பாக்கிகளைக் கையாலேயே நகலெடுத்தனர். வேலைப்பாட்டில் வியக்கத்தக்கவை பல. ஆனால் எழுத்தறியாமல் உருவத்தைப் பார்த்துப் பொறித்ததால் என்ஃபீல்டு என்ற ஆங்கிலச் சொல்லில் ‘என்’ எழுத்து இடவலமாகத் திரும்பியிருக்கும். மகுடம் கோணலாக இருக்கும். ஆண்டும் அரசரும் பொருந்தமாட்டார்கள். இவற்றின் எஃகின் தரம் உறுதியற்றது என்பதால், இவற்றைக் காட்சிப் பொருளாக மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை.