டி-ஷர்ட் பிரின்டிங் மெஷினை லோன் போட்டு வாங்கலாமா?

சனி, ஞாயிறு ஃப்ரீயாதான் இருக்கு, பர்சனல் லோன் போட்டு ஒரு டிடிஜி பிரின்டர் வாங்கிட்டா சைடு இன்கம் வருமேன்னு யோசிக்கிறீங்களா? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பார்த்துடுங்க.

டிடிஜின்னா டைரக்ட் டு கார்மென்ட். இங்க்ஜெட் பிரின்டர் பேப்பர்ல செய்யறதை இது நேரா துணி மேல செய்யுது. ஸ்கிரீன் பிரின்டிங்ல ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன் போடணும். அதனால மொத்தமா அடிச்சாதான் கட்டுப்படியாகும். டிடிஜில அந்தச் செலவே இல்ல, ஒரே ஒரு பீஸ்கூட அடிக்கலாம். காட்டன்ல நல்லா பிடிக்கும்.

சிக்கல் வெள்ளை இங்க்லதான். கருப்பு டி-ஷர்ட்ல கலர் எடுப்பா தெரியணும்னா, ப்ரீ-ட்ரீட்மென்ட் திரவம் தெளிச்சு, காயவச்சு, அடியில வெள்ளை அடிக்கணும். அந்த இங்க்ல இருக்கிற டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது. மெஷினை ஓட்டாம விட்டா படிஞ்சு ஹெட்டை அடைச்சிடும். ஹெட் மாத்துறது சின்ன செலவில்ல. தினமும் கவனிக்க வேண்டிய மெஷினை வீக்எண்ட்ல மட்டும் தொட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். எல்லாமே உதாரணத்துக்குத்தான். 5 லட்சம் லோன், 14% வட்டி, 3 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 17,090 ரூபாய். சொந்த மெஷின்ல ஒரு டி-ஷர்ட்டுக்கு 250 ரூபாய் மிஞ்சுதுன்னு வச்சுக்குவோம். உடனே "மாசம் 69 வித்தா போதுமே"ன்னு தோணும். அங்கதான் கணக்கு இடிக்குது. மெஷினே வாங்காம பிரின்ட் ஆன் டிமாண்ட்ல கொடுத்தா, ஆர்டர் வந்த பிறகு அவங்களே அடிச்சு, பேக் பண்ணி அனுப்பிடுவாங்க. அதுல உங்களுக்கு பீஸுக்கு 100 ரூபாய் நிக்குதுன்னா, மெஷின் கூடுதலா சம்பாதிச்சுத் தர்றது 150 மட்டும்தான். அப்போ மாசம் 114 டி-ஷர்ட் வித்தாதான் இ.எம்.ஐ.யே தேறும். சர்வீஸ், கரண்ட், வீணாப்போற பீஸ் எல்லாம் இதுல சேரல.

அதனால முதல்ல ஆறு மாசம் பிரின்ட் ஆன் டிமாண்ட்ல ஓட்டுங்க. விடாம மாசம் 150 தாண்டுச்சுன்னா மெஷின் பத்திப் பேசலாம். வேலையில இருந்துக்கிட்டே பிசினஸ் பண்ணலாமான்னு ஆஃபர் லெட்டரையும் ஒரு தடவை படிச்சுடுங்க. சினிமா ஹீரோ படத்தை அனுமதி இல்லாம போட்டு விக்கிற ஐடியா வேண்டாம், லீகல் நோட்டீஸ் வரலாம்.

கடைசியா, யார்கிட்ட அடிக்கக் கொடுத்தாலும் ஒரு கருப்பு டி-ஷர்ட்டை உங்களுக்கே ஆர்டர் போட்டு, அஞ்சு தடவை துவைச்சுப் பாருங்க. வெள்ளை வெடிச்சிருந்தா வேற ஆளைத் தேடுங்க.