டர்போ காரில் கேட்கும் தட்டல் ஓசை

எங்கள் கெலாங் பாத்தா வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகளில் பலர் இன்று பால்மரத்தையோ செம்பனையையோ நம்பி இல்லை. 1998-ஆம் ஆண்டு இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு, விடியுமுன்னே அதைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் கார் வாங்குகிறார்கள். அதிலும் டர்போ கார் என்றால் தனி மோகம்.

என்னிடம் படித்த ஒரு பையன் பழைய கஞ்சில் கார் ஒன்றை வாங்கினான். அதன் இஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்பட்ட டர்போ இஞ்சின் ஒன்றை ஒரு பட்டறையில் பொருத்திக்கொண்டான். ‘ஆஃப் கட்’ என்கிறார்களே, அதுதான். அவன் தாயார் கூட்டு எடுத்த பணமும் அதில் போயிற்று. காரை எனக்குக் காட்ட வந்தவன், என்னையும் ஏற்றிக்கொண்டு போனான். ஒரு மேட்டில் மிதியை அழுத்தியபோது, பால் டின்னில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஓசை கேட்டது. “என்னப்பா இது?” என்றேன். “டர்போ சத்தம் சார். அப்படித்தான் இருக்குமென்று போமன் சொன்னார்” என்றான். இரண்டு வாரத்தில் இஞ்சின் நீலப் புகையைக் கக்கி நின்றது. பிரித்துப் பார்த்தால், மூன்று பிஸ்டன்களில் ஒன்று வளையத்தை ஒட்டி உடைந்திருந்தது.

அது டர்போ சத்தமே அல்ல. இஞ்சினைச் சுத்தியலால் அடிப்பதற்கு ஒப்பான ஒரு கோளாறு அது. நாக்கிங் என்பார்கள், நாம் தட்டல் என்று சொல்லிக்கொள்வோம்.

லாலாங் புல்லுக்கு ஒரு மூலையில் தீ வைத்தால் என்ன நடக்கும்? தீ வரிசையாக முன்னேறி மறுமூலைக்குப் போகும். சிலிண்டருக்குள்ளும் அப்படித்தான் நடக்க வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பிளக்கிலிருந்து பொறி பறக்கிறது. காற்றும் பெட்ரோலும் கலந்த வாயு, பிளக்கின் அருகில் தொடங்கி ஓரம்வரை சீராக எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கிட்டால், அதில் இரண்டு மூன்று பங்கு நேரத்தில் இத்தனையும் முடிந்துவிடும்.

ஆனால் தீ வந்து சேருமுன்பே, ஓரத்தில் எரியாமல் இருக்கும் வாயு, நெருக்கத்தாலும் சூட்டாலும் தானாகவே பற்றிக்கொண்டால்? புல்காட்டின் மறுமூலை முழுவதும் ஒரே கணத்தில் குப்பென்று எரிவதுபோல் ஆகிவிடும். அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர்ச் சுவரில் மோதி மோதித் திரும்புவதே நம் காதுக்குக் கேட்கும் ஓசை. எப்போதாவது ஒருமுறை மெல்லக் கேட்டால் இஞ்சின் தாங்கும். தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் உருகும், வளையம் உடையும்.

இனி டர்போவுக்கு வருவோம். வீணாக வெளியே போகும் புகையின் விசையால் ஒரு சக்கரம் சுழல்கிறது. அது இன்னொரு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை இஞ்சினுக்குள் அழுத்தித் திணிக்கிறது. காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகம் எரியும்; சின்ன இஞ்சினும் பெரிய இஞ்சினைப்போல் இழுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் சைக்கிளுக்குக் காற்றடித்தபின் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அழுத்தினால் காற்று சூடேறும். நம் ஊர் வெயிலில் 30 பாகையில் உள்ளே போகும் காற்று, டர்போவில் இரண்டு மடங்கு அழுத்தம் பெற்றால் 100 பாகையைத் தாண்டிவிடும். தட்டலுக்கு வேண்டிய நெருக்கம், சூடு இரண்டையும் டர்போவே கொண்டுவந்து கொடுக்கிறது.

இது புதிய தலைவலி அல்ல. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்றது. தட்டல் வராதிருக்க, வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து இஞ்சினுக்குள் செலுத்தினார்கள். தொட்டியை நிரப்ப மறந்தவர்கள் ஏராளம். அந்தக் கார் நீடிக்கவில்லை. பிறகுதான், தட்டலைக் கேட்கும் ‘காது’ ஒன்றை இஞ்சின் உடம்பிலேயே பொருத்தும் வழக்கம் வந்தது. 1982 வாக்கில் சுவீடனின் சாப் கார்களில், அந்தக் காது ஓசையை உணர்ந்ததும் டர்போவின் அழுத்தம் தானே குறைந்தது.

இப்போது நம் நாட்டில் ஓடும் பெரோடுவா அத்திவா, புரோட்டோன் எக்ஸ் 50 போன்ற டர்போ கார்களில் இந்த வேலையைக் கணினி பார்த்துக்கொள்கிறது. பொறி பறக்கும் நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி இஞ்சினைக் காப்பாற்றுகிறது. ஆகவே தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கார் வைத்திருப்பவர்கள் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. வினை வருவது, திருகாணியைக் கையில் எடுக்கும்போதுதான். அந்தப் பையனின் காரில் அழுத்தத்தைக் கூட்டியவர்கள், பெட்ரோலின் அளவையோ பொறியின் நேரத்தையோ அதற்கேற்ப மாற்றவில்லை. காற்று ஏறிற்று, பெட்ரோல் ஏறவில்லை. சூடு கேட்க வேண்டுமா? இஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலும் வேண்டும் என்பதை அவனிடம் யாருமே சொல்லவில்லை.

பெட்ரோலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. ரோன் 97-இல் 95-ஐவிடச் ‘சக்தி’ அதிகம் என்கிறார்கள். அப்படியில்லை. தட்டலை நன்றாக எதிர்க்கும் ஐசோ ஆக்டேன் என்ற பொருளுக்கு 100 என்றும், எளிதில் தட்டும் ஹெப்டேன் என்ற பொருளுக்கு சுழியம் என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள். முன்னதில் 95 பங்கும் பின்னதில் 5 பங்கும் கலந்தால் எவ்வளவு எதிர்க்குமோ, அவ்வளவு எதிர்க்கும் பெட்ரோல் ரோன் 95. எண் கூடினால் தானாகப் பற்றிக்கொள்ளும் குணம் குறையும், அவ்வளவுதான். பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ 95 போதும் என்றிருந்தால், சலுகை விலை இல்லாத 97-க்குக் காசைக் கொட்ட வேண்டாம். 97 என்றிருந்தால் அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஜப்பானில் உயர்ரகப் பெட்ரோலின் எண் 100-ஐ ஒட்டியிருக்கும். அதற்கென அமைந்த இஞ்சினுக்கு இங்கே 95 ஊற்றினால் தட்டத்தான் செய்யும். கடையில் விற்கும் குப்பி மருந்து எண்ணை இருபது ‘பாயிண்ட்’ கூட்டும் என்பார்கள். பத்துப் பாயிண்ட் சேர்ந்தால்தான் ஓர் எண். ஆக, கூடுவது இரண்டே எண்.

ஓட்டும் முறையிலும் கவனம் தேவை. கியர் மாற்றும் காரில், நாலாவது ஐந்தாவது கியரில் மெல்லப் போய்க்கொண்டிருக்கும்போதே மிதியை அடிவரை அழுத்துகிறவர்கள் உண்டு. அது டர்போவுக்கு மிகக் கெடுதல். இஞ்சின் மெதுவாகச் சுழலும்போது வாயு நீண்ட நேரம் நெருக்கத்தில் கிடக்கிறது. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதிய இஞ்சின்களில், எண்ணெய்த் துளியால் பொறிக்கு முன்பே தீப்பற்றும் இன்னொரு கேடும் அப்போதுதான் வருகிறது. அதைத் தடுக்கும் இஞ்சின் எண்ணெயின் குப்பியில், 2020 முதல் ‘எஸ்.பி.’ என்ற தர எழுத்து இருக்கும். பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது பாலத்துச் சோதனைச் சாவடியில் மணிக்கணக்கில் ஊர்ந்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டர்போ காற்றைக் குளிரவைக்க, ரேடியேட்டரைப் போலவே இண்டர்கூலர் என்ற பாகம் இருக்கிறது. வண்டி நகராதபோது அதன்மேல் காற்றுப் படாமல், அதுவே சூடேறிக் கிடக்கும். சாவடியைத் தாண்டியதும் பறக்காதீர்கள். சில நிமிடம் நிதானமாக ஓட்டினால் அது ஆறிவிடும். ரேடியேட்டர் தண்ணீரும் குறையக் கூடாது. பிளக் மாற்றும்போது கையேட்டில் சொன்ன வகையையே போடச் சொல்லுங்கள். ஒவ்வாத பிளக்கின் நுனி செக்கச் சிவந்து, பொறி இல்லாமலே தீ வைத்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் அந்தக் கோலிக்குண்டு ஓசை கேட்டால், வானொலியின் சத்தத்தைக் கூட்டி அதை மறைக்காதீர்கள். உடனே மிதியிலிருந்து காலைத் தளர்த்தி, ஒரு கியர் குறைத்து, டர்போ வேலை செய்யாத அளவுக்கு மெதுவாக வீடு வந்து சேருங்கள். மறுநாள் போமனிடம் போகும்போது, எந்தக் கியரில், எந்த மேட்டில், எந்தப் பெட்ரோல் ஊற்றியபின் கேட்டது என்று சொல்லுங்கள். “அப்படித்தான் இருக்கும்” என்று அவர் சொன்னால், வேறு பட்டறைக்குப் போங்கள்.