மூலைக் கம்ப்யூட்டரும் விண்டோஸ் 98-ம்



"விண்டோஸ் 98-ஆ? அது நாம பொறக்கறதுக்கு முன்னாடி வந்ததாச்சே, அதுக்குப் போய் ஒரு கட்டுரையா?" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். லேப் மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கிற அந்தப் பெரிய மானிட்டர் கம்ப்யூட்டரை ஏன் இன்னும் பழைய இரும்புக்குப் போடவில்லை என்று யோசித்ததுண்டா? அதன் முதுகில் தொங்கும் 25 பின் கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். மறுமுனையில் ஈப்ராம் புரோகிராமரோ, ஸ்டெப்பர் மோட்டார் டிரெய்னர் கிட்டோ, சின்ன சிஎன்சி மெஷினோ இருக்கும். நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போகிற பட்டறையிலும் இப்படி ஒன்று இருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டர் படுத்தால் மெஷினும் படுத்துவிடும். புது மெஷின் வாங்க முதலாளியிடம் பணம் இருக்காது. அப்போது "டிப்ளமோ படிச்ச தம்பி, கொஞ்சம் பாருப்பா" என்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

புது விண்டோஸ் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். பேரலல் போர்ட்டின் முகவரி வழக்கமாக ஹெக்ஸில் 378. டர்போ சி-யில் அந்த முகவரிக்கு ஒரு பைட் அனுப்பினால், 2 முதல் 9 வரை உள்ள எட்டுப் பின்களில் எட்டு பிட்டும் வந்து நிற்கும். எல்இடி வைத்தே பார்த்துவிடலாம். விண்டோஸ் 98 இதற்குக் குறுக்கே நிற்பதில்லை. ஆனால் விண்டோஸ் 2000, எக்ஸ்பி, அதற்குப் பின் வந்தவை எல்லாம் என்டி குடும்பம். அவற்றில் சாதாரண புரோகிராம் போர்ட்டை நேரடியாகத் தொட முயன்றால் தடுத்துவிடும். நடுவில் அதற்கென்று ஒரு ட்ரைவர் வேண்டும். கிட்டைச் செய்த கம்பெனி அந்த ட்ரைவரை எழுதாமலே கடையை மூடியிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருகிய கார்டு என்றால் இன்னும் மோசம், புது மதர்போர்டில் அந்த ஸ்லாட்டே கிடையாது. ஆகவே பழையதைக் காப்பாற்றுவதுதான் வழி.

விண்டோஸ் 98 வெளியானது 1998 ஜூனில். அதன் செகண்ட் எடிஷன் 1999-ல் வந்தது. 2006 ஜூலையோடு மைக்ரோசாஃப்ட் கையைக் கழுவிவிட்டது. எனவே முதல் விதி: இதை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள். இன்றைய பிரவுசர் எதுவும் அதில் ஓடாது, ஓட்டைகளை அடைப்பாரும் இல்லை.

அடுத்து, எல்லோரும் கேட்கிற கேள்வி. "ராம் 256 எம்பி இருக்கு, ஆனாலும் நாலு விண்டோ திறந்தா மெமரி பத்தலைன்னு சொல்லுதே?" குற்றம் ராமில் இல்லை. விண்டோக்கள், மெனுக்கள், ஐகான்கள், ஃபான்ட்டுகள் இவற்றின் கணக்கை எழுதி வைக்க விண்டோஸ் 98 சில சின்னப் பெட்டிகளை வைத்திருக்கிறது. அவற்றில் முக்கியமானவை 64 கேபி-தான். 16 பிட் காலத்து மிச்சம். எத்தனை ராம் போட்டாலும் அந்தப் பெட்டி பெரிதாகாது. பெரிய மண்டபம் கட்டிவிட்டு செருப்பு வைக்க ஒரே ஒரு அலமாரி வைத்த மாதிரி. மை கம்ப்யூட்டர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தால், 'சிஸ்டம் ரிசோர்சஸ்' என்று ஒரு சதவீதம் காட்டும். கம்ப்யூட்டர் கிளம்பியதும் அது ஏற்கெனவே குறைவாக இருந்தால், பின்னணியில் வேண்டாத விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அவர்களை வெளியேற்ற ஸ்டார்ட், ரன் போய் 'எம்எஸ்கான்ஃபிக்' என்று கொடுங்கள். ஸ்டார்ட்அப் பக்கத்தில் ஒரு பட்டியல் வரும். ஸ்கேன்ரிஜிஸ்ட்ரி, சிஸ்டம்ட்ரே இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். மற்றவற்றில் பிரிண்டர் கம்பெனி, சவுண்ட் கார்டு கம்பெனி வைத்த குட்டிப் புரோகிராம்களை டிக் எடுத்துப் பாருங்கள். எதையும் அழிப்பதில்லை, டிக்கைத் திரும்பப் போட்டால் பழையபடி வந்துவிடும். டெஸ்க்டாப்பில் ஆக்டிவ் டெஸ்க்டாப்பையும் நிறுத்திவிடுங்கள். வால்பேப்பர் விஷயம் அவரவர் இஷ்டம்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. ராம் இப்போது மலிவாகக் கிடைக்கிறதே என்று 1 ஜிபி போட்டால் விண்டோஸ் 98 தடுமாறும். 512 எம்பி-க்கு மேல் போனால், டிஸ்க் கேஷ் தனக்கென்று அளவுக்கு மீறி முகவரி இடத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் 'மெமரி இல்லை' என்றே சொல்லும். ராமைக் குறைப்பது சுலபமான வைத்தியம். முடியாவிட்டால் விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள சிஸ்டம்.ஐஎன்ஐ ஃபைலைத் திறந்து, 'விகேஷ்' தலைப்பின் கீழ் 'மேக்ஸ்ஃபைல்கேஷ்=262144' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் (எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்). அந்த எண் கேபி கணக்கு, அதாவது 256 எம்பி.

இனி ரிஜிஸ்ட்ரி. கம்ப்யூட்டரின் மொத்த ஜாதகமும் இரண்டு ஃபைல்களில் இருக்கிறது: சிஸ்டம்.டேட், யூசர்.டேட். இவை கெட்டால் விண்டோஸ் எழுந்திருக்காது. உடனே ஃபார்மட் செய்யக் கிளம்புகிறவர்கள் அதிகம். அவசரம் வேண்டாம்! விண்டோஸ் 98 தினமும் முதல் தடவை கிளம்பும்போது இவற்றுக்கு ஒரு காப்பி எடுத்து ஒளித்து வைக்கிறது. கடைசி ஐந்து காப்பிகள் இருக்கும். ஆன் செய்ததும் கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடியுங்கள், மெனு வரும். அதில் 'கமாண்ட் பிராம்ப்ட் ஒன்லி' எடுத்து, 'ஸ்கேன்ரெக்', ஒரு இடைவெளி, சாய்கோடு, 'ரெஸ்டோர்' என்று அடித்தால், தேதி போட்ட பட்டியல் வரும். நன்றாக ஓடிய நாளின் காப்பியைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் கெட்டுப்போன நிலையிலேயே ஐந்து நாள் ஓட்டிவிட்டால் ஐந்து காப்பியும் கெட்டதாகிவிடும். கோளாறு தெரிந்த அன்றைக்கே செய்துவிட வேண்டும்.

சாஃப்ட்வேரைவிட ஹார்ட்வேர்தான் முதலில் சாகும். சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் தேதி மட்டும் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். பயாஸில் வைத்த செட்டிங்குகளும் சேர்ந்தே போகும், பேரலல் போர்ட்டின் முகவரியும் மோடும் உட்பட. கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடும், ஆனால் கிட் மட்டும் அசையாது. கேபிளை மாற்றி, கிட்டைப் பிரித்து, ஐசி-யைச் சந்தேகித்து இரண்டு நாள் போய்விடும். அதனால் மெஷின் நன்றாக ஓடும்போதே பயாஸ் திரைகளை மொபைலில் படம் எடுத்து, போர்ட் மோட் எஸ்பிபியா, ஈபிபியா, ஈசிபியா என்று ஒரு சீட்டில் எழுதிக் கேபினெட்டிலேயே ஒட்டிவிடுங்கள். பேட்டரி விலை ஒரு டிபன் செலவுதான்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் விண்டோஸ் 98 நமக்கு ஒரு உதவி செய்கிறது. எக்ஸ்பி போல ஆக்டிவேஷன் தொல்லை கிடையாது. டிஸ்க்கை அப்படியே பிட் பிட்டாக வேறொன்றுக்கு நகல் எடுத்து மாட்டினால், அதே கம்ப்யூட்டரில் ஒன்றும் கேட்காமல் ஓடும். டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கன்வர்ட்டர் கேபிள் வழியாக ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, 'டிடி' கட்டளையால் இமேஜ் எடுக்கலாம். எங்கிருந்து, எங்கே என்பதை மூன்று தடவை பாருங்கள். திசை மாறினால் நல்ல டிஸ்க் காலி. சத்தம் போடும் பழைய டிஸ்க்குக்குப் பதில் காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டைச் சாதாரண அடாப்டரில் மாட்டலாம். அந்தக் கார்டு ஐடிஇ மொழியே பேசும். ஆனால் நகல் போகிற கார்டு, பழைய டிஸ்க்கின் அளவாவது இருக்க வேண்டும். பெரிதாக வாங்கியும் பயனில்லை. பழைய பயாஸ் பெரிய அளவைக் காட்டாது, 137 ஜிபி-யைத் தாண்டினால் விண்டோஸ் 98-ன் சொந்த ட்ரைவரே டேட்டாவைக் கெடுத்துவிடும்.

பென் டிரைவுக்கு இதில் ட்ரைவர் தனியாகப் போட வேண்டும், ஃபேட் வகை ஃபார்மட்டுகளை மட்டுமே படிக்கும். இன்னொன்று: விண்டோஸ் சிடியில் உள்ள வின்98 ஃபோல்டரை ஹார்ட் டிஸ்க்கிலேயே காப்பி செய்து வையுங்கள். ஏதாவது ட்ரைவர் போடும்போதெல்லாம் "சிடியைப் போடு" என்று கேட்கும், பாதி கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் செத்திருக்கும்.

கடைசியாக ஒரு ஜாலியான சமாச்சாரம். கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் மேகப் படத்துக்குப் பதில் நம் டிபார்ட்மென்ட் பெயரையே போடலாம். பெயின்ட்டில் 640-க்கு 480 அளவில் படம் வரைந்து, அதை 320-க்கு 400 ஆக நசுக்கி, 256 கலர் பிட்மேப்பாகச் சேமியுங்கள். ஃபைல் 129,078 பைட் இருந்தால் அளவு சரி. அதற்கு லோகோ.சிஸ் என்று பெயரிட்டு சி டிரைவின் வாசலில் போட்டால் முடிந்தது. அணைக்கும்போது வரும் இரண்டு படங்கள் விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கின்றன. 'காத்திருங்கள்' என்பது லோகோடபிள்யூ.சிஸ், 'இனி அணைக்கலாம்' என்பது லோகோஸ்.சிஸ். பழையவற்றை வேறு பெயரில் பத்திரப்படுத்திவிட்டு மாற்றுங்கள். ஏடிஎக்ஸ் கேபினெட் தானாகவே அணைந்துவிடும் என்பதால், அந்தக் கடைசிப் படத்தைப் பார்க்கும் பாக்கியம் பழைய ஏடி கேபினெட்காரர்களுக்கு மட்டும்தான்.