பெட்டிக்குள் வளர்ந்த பெண்

பெங்களூருவின் பசவனகுடியிலும் மல்லேசுவரத்திலும் மாலை வேளையில் நடந்து செல்வோர், அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இடையே பழைய பெரிய வீடுகள் சிலவற்றை இன்றும் காணலாம். உயர்ந்த சுற்றுச்சுவர், இரும்புக் கதவு, ஓடு வேய்ந்த முகப்பு, உள்ளே நிழல் தரும் ஒரு மாமரம். அவ்வீடுகளைக் கடந்து செல்லும்போது நம் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பே. இக்கதவுக்குப் பின்னால் செல்வமாக வளர்ந்த பெண், வெளியுலகத்தை எவ்வாறு கண்டிருப்பாள்? கதவு திறந்து அவள் தெருவில் கால் வைத்த நாளில் என்ன நேர்ந்திருக்கும்?

இக்கேள்வி நமக்கு மட்டும் தோன்றியதன்று. பல நாட்டுக் கதாசிரியர்கள் இதனை வைத்தே எத்தனையோ கதைகள் புனைந்துள்ளனர். அவர்களுள் ஜப்பானியர் இப்பெண்ணை ஒரு தனிப் பாத்திர வகையாகவே வளர்த்துவிட்டனர். அங்கே அவளுக்கு ‘ஓஜோசாமா’ என்று பெயர். பெரிய இடத்துப் பெண், சின்ன எஜமானி என்று நாம் பொருள் கொள்ளலாம். வெளிக்காற்றுப் படாமல் வளர்ந்த மகளைக் குறிக்க ஜப்பானிய மொழியில் இன்னொரு தொடரும் உண்டு. ‘ஹாகோஇரி மூசுமே’ என்பர். ‘பெட்டிக்குள் இருக்கும் மகள்’ என்பது அதன் நேர்ப்பொருள். விலையுயர்ந்த பொம்மையைப் பெட்டியில் வைத்துக் காப்பதுபோல் மகளைக் காத்தார்கள் என்பது கருத்து. தலையில் வைத்தால் பேன் கடிக்கும், தரையில் விட்டால் எறும்பு கடிக்கும் என்று வளர்த்ததாக நம் பாட்டிமார் சொல்வதும் இதே செய்திதானே?

இப்பாத்திரம் வெறுங் கற்பனையில் பிறந்ததன்று. 1884-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு பிரபுக் குடும்பங்களை ஐந்து படிகளாக வகுத்தது. அடுத்த ஆண்டே, அதாவது 1885-இல், அக்குடும்பத்துப் பெண்களுக்கெனத் தோக்கியோவில் ஒரு தனிப்பள்ளி தொடங்கப்பெற்றது. மைசூரில் மகாராணி பெண்கள் பள்ளி தோன்றியதும் ஏறத்தாழ அதே காலந்தான் என்பது இங்கே நினைக்கத்தக்கது. 1899-இல் பிறந்த ஓர் ஆணையின் பயனாக ஜப்பானின் மாகாணங்கள்தோறும் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளிகள் எழுந்தன. படித்த பெண்கள் பெருகவே, அவர்கள் படிப்பதற்கென்றே பத்திரிகைகளும் தோன்றின. 1916-ஆம் ஆண்டிலிருந்து யோஷியா நொபுக்கோ என்ற பெண் எழுத்தாளர், பூக்களின் பெயரைத் தாங்கிய சிறு கதைகளை அத்தகைய பத்திரிகையொன்றில் எழுதிப் பெரும்புகழ் பெற்றார். பள்ளி விடுதிகளும் அவற்றில் வாழும் மெல்லியல்புள்ள மாணவியரும் அக்கதைகளின் உலகம்.

இங்கே சுவையான செய்தி ஒன்று உண்டு. கதையில் ஓஜோசாமாவை அவளுடைய பட்டாடையைவிட அவளுடைய பேச்சே எளிதில் காட்டிக் கொடுக்கும். சந்திக்கும்போதும் பிரியும்போதும் ‘கோகிகென்யோ’ என்பாள். நலமாக இருப்பீராக என்பதுபோன்ற வாழ்த்து அது. வாக்கியத்தின் ஈற்றில் தனக்கென்று சில அசைகளைச் சேர்ப்பாள். அவ்வசைகளுள் சில, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பள்ளி மாணவியர் பேச்சில் பரவியவை. அன்று பெரியவர்கள் அவற்றைக் கேட்டு முகம் சுளித்தனர். தாழ்ந்த பேச்சு என்று பத்திரிகைகளிலும் கண்டித்தனர். பின்னர் கதைகளும் பத்திரிகைகளும் அதே பேச்சைப் பெரிய இடத்துப் பெண்களின் அடையாளமாக ஆக்கிவிட்டன.

1947-இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு பிரபுப் பட்டங்களை ஒழித்தது. ஆயினும் அப்பெண் கதைகளை விட்டு நீங்கவில்லை. அதே ஆண்டில் தஸாய் ஒஸாமு வெளியிட்ட ‘சாயும் கதிரவன்’ என்னும் நாவல், மாளிகையை இழந்து நாட்டுப்புறம் சென்ற ஒரு பிரபுக் குடும்பத்து மகளின் கதையாகும். பிற்காலத்தில் சித்திரக் கதைகள் அவளை ஏற்றுக்கொண்டன. 1973-இல் தொடங்கிய ‘ஏஸ் வோ நெராயே’ என்ற டென்னிஸ் விளையாட்டுக் கதையில், நீண்ட சுருள் கூந்தலுடன் மைதானத்தில் இறங்கும் செல்வச் சீமாட்டி ஒருத்தி வருகிறாள். அவளைத் தோழியர் ‘வண்ணத்துப்பூச்சிச் சீமாட்டி’ என்றே அழைப்பர். அதன்பின் சுருள் கூந்தலும் புறங்கையால் வாயை மறைத்துச் சிரிக்கும் ஆணவச் சிரிப்பும் கொண்டு, கேலிக்குரியவளாகவும் அவள் பல கதைகளில் காட்சியளித்தாள்.

கேலியை ஒதுக்கிவிட்டு, இப்பெண்ணின் உள்ளத்தை அறிய விரும்புவோர் தானிஸாக்கி ஜுனிச்சிரோவின் பெருநாவலைப் பார்க்க வேண்டும். நொடித்துவரும் ஒஸாக்கா வணிகக் குடும்பமொன்றின் நான்கு சகோதரிகளைப் பற்றியது அது. 1943-இல் பத்திரிகையில் வரத் தொடங்கியபோது, போர்க்காலத்துக்கு ஒவ்வாத கதையென்று நிறுத்தப்பட்டது. போருக்குப் பின்னரே முழுமையாக வெளிவந்தது. மூன்றாம் சகோதரி யுக்கிகோ அழகும் அடக்கமும் உடையவள். அவளுக்கு வரன்மேல் வரனாகப் பார்க்கிறார்கள். ஒரு முறை, எல்லாம் கூடிவரும் நிலையில், மணமகனாக வரவிருப்பவர் தொலைபேசியில் அழைத்து, தம்முடன் வெளியே உலாவ வரலாமா என்று கேட்கிறார். யுக்கிகோ தொலைபேசி அருகே வரவே தயங்குகிறாள். நெடுநேரங் கழித்து வந்தும், வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்து மறுத்துவிடுகிறாள். அவர் மனம் புண்பட்டு விலகுகிறார். சம்பந்தம் முறிகிறது.

அவளுக்கு அவர்மேல் வெறுப்பு இருந்ததா, விருப்பம் இருந்ததா? வீட்டில் ஒருவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. பிறந்தது முதல் அவளுக்காகப் பிறரே பேசிவந்தனர். பெட்டிக்குள் வளர்ந்தவள் இழப்பது எதுவென்பதை இக்காட்சி நமக்குக் காட்டிவிடுகிறது. உணவுக்கும் உடைக்கும் அவளுக்குக் குறைவில்லை. தன் விருப்பத்தைத் தன் வாயால் சொல்லும் பழக்கந்தான் அவளுக்கு இல்லை.

இப்பெண்ணைக் காண நாம் ஜப்பான் வரையில் போக வேண்டியதில்லை. நாம் வாழும் கன்னட நாட்டிலேயே அவளைக் குறித்து அரிய கதையொன்று உண்டு. அனசூயா சங்கர் என்பது இயற்பெயர். திரிவேணி என்பது புனைபெயர். மைசூரில் உளவியல் பயின்ற இவ்வம்மையார், பெண்களின் மனத்தை ஆராயும் நாவல்களைக் கன்னடத்தில் எழுதி, 1963-இல் இளமையிலேயே காலமானார். அவருடைய ‘பெள்ளி மோட’ என்ற நாவலை, அதாவது ‘வெள்ளி மேகம்’ என்பதை, புட்டண்ண கணகால் 1967-இல் திரைப்படமாக்கினார். கல்பனா கதாநாயகியாக நடித்தார்.

கதாநாயகி இந்திரா, செல்வந்தரான ஓர் எஸ்டேட் முதலாளியின் ஒரே மகள். அவளை மணக்கவிருக்கும் மோகன், அவள் தந்தையின் பொருளுதவியால் வெளிநாடு சென்று படிக்கிறான். அக்காலத்தில் இந்திராவின் தாய் ஓர் ஆண் மகவைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். சொத்துக்கு வாரிசு பிறந்துவிட்டான் என்பதை அறிந்ததும் மோகனின் மனம் மாறுகிறது. அவன் நாடியது பெண்ணையா, தோட்டத்தையா என்பது அப்போது வெளிப்படுகிறது. பின்னர் அவன் அடிபட்டுக் கிடக்கும்போது இந்திராவே அவனுக்குப் பணிவிடை செய்கிறாள். அவன் மனம் வருந்தி, மணந்துகொள்கிறேன் என்கிறான். அவளோ மறுத்துவிடுகிறாள்.

யுக்கிகோவும் மறுத்தாள், இந்திராவும் மறுத்தாள். முன்னவளின் மறுப்பு அவளுடைய கூச்சத்திலிருந்து பிறந்தது. பின்னவளின் மறுப்போ, ஒரு மனிதனை நன்கு அறிந்துகொண்டு, நின்று நிதானித்துச் சொன்ன விடை.

எல்லாக் கதைகளும் இவ்வளவு மதிப்புடன் இப்பெண்ணை நடத்துவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பணக்காரப் பெண் என்றால் திமிர் பிடித்தவள், அவளை அடக்குவதே ஆண்மகனுக்கு அழகு என்பது வெள்ளித்திரையில் நெடுங்காலம் விலைபோன சரக்கு. பெங்களூருவில் பிறந்த சரோஜாதேவி நடித்த ‘பெரிய இடத்துப் பெண்’ 1963-இல் வந்தது. ஜெயலலிதா நடித்த ‘பட்டிக்காடா பட்டணமா’ 1972-இல் வந்தது. கன்னடத்தில் ‘நஞ்சுண்டி கல்யாண’ 1989-இல் வந்து பெருவெற்றி கண்டது. அடங்காத மனைவியை அடக்கும் ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகமே இத்தகைய கதைகளுக்கெல்லாம் பாட்டனார். நாமும் அவற்றைக் கண்டு சிரித்திருக்கிறோம். ஆனால் முதற் காட்சியில் வாய் ஓயாமல் பேசியவள் கடைசிக் காட்சியில் தலை குனிந்து நிற்கிறாள். யுக்கிகோவுக்குப் பேச்சு பழக்கப்படவேயில்லை. இவளிடமோ இருந்த பேச்சும் பறிக்கப்படுகிறது.

தமிழில் வேறொரு மரபும் உண்டு. 1879-இல் அச்சேறிய நம் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், செல்வக் குடும்பத்தில் பிறந்த ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு, ஒரு நாட்டுக்கே அரசாகி நீதி செலுத்துகிறாள். கல்கியின் ‘தியாக பூமி’ 1939-இல் திரைப்படமாகவும் வந்தது. அதில் மிராசுதாரரான சம்பு சாஸ்திரியின் அருமை மகள் சாவித்திரி, கணவன் வீட்டில் சொல்லொணாத் துன்பம் அடைகிறாள். அன்று அவளுக்காகப் பேச எவருமில்லை. பின்னர் அவள் உமாராணியாக உயர்ந்ததும், கணவன் அவளைத் தன்னுடன் வாழவேண்டுமென்று வழக்குத் தொடுக்கிறான். அவளோ, வேண்டுமானால் அவனுக்கு நானே ஜீவனாம்சம் தருகிறேன் என்று நியாயமன்றத்தில் உரைக்கிறாள். அக்காலத்துத் தமிழகத்தை இச்சொல் திகைக்க வைத்தது.

இவையெல்லாம் பெரிய வீட்டுக் கதைகள். வாடகை வீட்டில் வாழும் நமக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. 1809-இல் பெங்களூருவில் ஆங்கிலேயர் தண்டு அமைத்த காலந்தொட்டு, தலைமுறை தலைமுறையாகத் தமிழர் இந்நகருக்கு வந்து குடியேறியுள்ளனர். புதிய ஊர், புதிய மொழி என்ற அச்சத்தால் நாமும் நம் பெண்மக்களுக்குச் சிறு பெட்டி ஒன்று செய்துவிடுகிறோம். கடைக்குத் தம்பி போவான். வங்கியில் அப்பா பேசுவார். வீட்டுக்காரரிடம் அண்ணன் சொல்லிக்கொள்வான். பெண் படிக்கிறாள், வேலைக்கும் போகிறாள். ஆயினும் தெருவோடு பேச வேண்டிய இடங்களில் அவளுக்காக இன்னொருவர் பேசுகிறார். இது அன்பினாற் செய்வதே. யுக்கிகோவின் வீட்டாரும் அவளிடம் அன்பு குறைந்தவர்களல்லர்.

ஒரு நள்ளிரவை எண்ணிப் பாருங்கள். தந்தைக்கு நெஞ்சு வலிக்கிறது. வீட்டில் மகள் மட்டுமே இருக்கிறாள். 108 என்ற எண்ணை அழைக்கிறாள். எந்தத் தெரு, எந்தக் கோயிலுக்கு அருகே என்று மறுமுனையில் கன்னடத்தில் கேட்கிறார்கள். அவள் தயங்காமல் விடை சொல்ல வேண்டும். அந்நேரத்தில் பதக்கங்களும் பட்டங்களும் துணை நில்லா. நாள்தோறும் காய்கறிக்காரியிடமும் பேருந்து நடத்துநரிடமும் பேசிப் பழகிய நாவே துணை நிற்கும்.

ஆகவே நம் மகளிரைக் காக்க விரும்பும் நாம், அவர்களிடம் சிறிய வேலைகளிலிருந்தே பேச்சை ஒப்படைக்கத் தொடங்கலாம். அடுத்த மாதம் வீட்டுக்காரரிடம் வாடகைக் கணக்கைப் பேசுபவள் அவளாக இருக்கட்டும். அவள் பிழையாகக் கன்னடம் பேசினால் அக்கம்பக்கத்தார் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். அதனால் குறைவொன்றும் வாராது. திருமணப் பேச்சு எழும்போதும் முதற்சொல் அவளுடையதாகட்டும்.

விருப்பமில்லாததை மறுக்கத் தமிழில் ‘வேண்டா’ என்கிறோம். கன்னடத்தில் ‘பேட’ என்கிறார்கள். இரண்டும் ஒரே வேரில் பிறந்த உடன்பிறப்புச் சொற்கள். இரண்டையும் அச்சமின்றிச் சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு, இந்நகரம் அயலூர் ஆகாது.