உங்களுக்குத் தெரியுமா? மின்சாரம் பாய்ந்ததும் முதலில் ஓடும் மென்பொருள்

சென்னை ஐஐடியின் சக்தி நுண்செயலியை அடிப்படையாகக் கொண்டு இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கப்பட்ட ஐரிஸ் சில்லு வெற்றிகரமாகத் துவங்கியதாக 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய சில்லுகள் பலவற்றிலும், மின்சாரம் பாய்ந்ததும் நினைவகத்தைத் தயார்செய்து இயங்குதளத்தை ஏற்றிவிட்டு விலகும் சிறு மென்பொருள் பூட்லோடர் எனப்படுகிறது.

உலகெங்கும் பயன்படும் யூ-பூட் என்னும் பூட்லோடரில், வன்பொருளை இயக்கும் நிரல்களான டிரைவர்களுள் எவற்றைச் சேர்ப்பது, எந்த மதிப்புடன் சேர்ப்பது என்பதை அமைவுத் தேர்வுகளே முடிவு செய்கின்றன. முன்பு இவை சில்லு பொருத்தப்படும் மின்சுற்றுப் பலகையான போர்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்புகளில் சிதறிக் கிடக்க, விளக்கங்களோ பெரும்பாலும் ரீட்மீ என்னும் நெடுங்கோப்பில் இருந்தன; 2014இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கே-கான்ஃபிக் முறை ஏற்கப்பட்ட பின்னரே, ஒரு தேர்வின் பெயரும் வகையும் சார்பும் இயல்பு மதிப்பும் விளக்கமும் ஓரிடத்தில் சேரத் தொடங்கின.

அந்த விளக்கத்தை எழுதுவது நிரல் எழுதுவதற்குச் சற்றும் குறையாத பொறுப்புடைய பணியாகும். எடுத்துக்காட்டாக, இயங்குதளத்தை ஏற்றுமுன் காத்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் 'பூட்-டிலே' என்னும் தேர்வில் 2 என்றால் இரண்டு விநாடி காத்திருக்கும். 0 என்றால் காத்திருக்காது, ஆயினும் விசையை அழுத்தி நிறுத்தலாம். -1 என்றால் தானாகத் துவங்காது. -2 என்றாலோ உடனே துவங்குவதோடு விசை அழுத்தப்பட்டதா என்றும் பார்க்காது. விளக்கம் இல்லையெனில், -1, -2 ஆகிய மதிப்புகளின் பொருளை வெறும் எண்ணைப் பார்த்து எவராலும் ஊகிக்க இயலாது.