பாதம் பார்ப்பதும் ஜெபமே

சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் மருத்துவமனைக்குக் கால் புண்ணோடு வருகிறவர்கள் மிகுதியாகின்றனர். ஈர வயலில் நாள் முழுதும் நின்றவர்கள், குற்றாலத்துப் பாறையில் கால் இடறியவர்கள், ஈரம் காயாத செருப்போடு அச்சன்புதூருக்கும் தென்காசிக்குமாக அலைந்தவர்கள் எனப் பலரும் அவர்களுள் உண்டு. "புண் எப்போது வந்தது?" என்று கேட்டால், "தெரியவில்லை, வலிக்கவே இல்லையே" என்பதே பெரும்பாலோர் தரும் மறுமொழி. பல ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்கிறவர்களில் பலருக்குப் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்ல உணர்ச்சியை இழக்கின்றன. முள் தைத்தாலும், மோட்டார் சைக்கிளின் சைலன்சர் சுட்டாலும் அவர்கள் அறிவதில்லை.

அவர்களுள் சிலர் தயங்கித் தயங்கி வேறொன்றையும் சொல்வதுண்டு. ஜெபக் கூட்டத்திற்குச் சென்று வந்த நாள் முதல் மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம். மருந்து உண்டால் விசுவாசம் குறைந்துவிட்டது போலாகுமோ என்று அஞ்சினார்களாம். இன்னும் சிலர், "மண்ணுக்குப் போகும் உடம்புதானே, ஆத்துமாவைக் காத்தால் போதாதா?" என்று கேட்கின்றனர். இவற்றை நாங்கள் இகழ்வதில்லை. இவை பக்தியிலிருந்து எழும் கேள்விகள். ஆகவே பக்தியின் வழியே நின்று மறுமொழி சொல்ல விரும்புகிறோம். உடலைப் பேணுவது விசுவாசத்திற்கு எதிரானதன்று. அது அன்றாடம் செய்யவேண்டிய ஓர் ஆராதனை என்பதே எங்கள் துணிபு.

வேலூர் கற்பித்த பாடம்

இதை நம் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்து காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் பணியாற்றிய மிஷனரி பெற்றோரின் மகன் அவர்; பிறந்தது 1914-இல். லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய பணியே அவ்வளவு பெரிய மருத்துவமனையாக வளர்ந்திருந்தது.

1947-இல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன ஒருவரின் கையைப் பிராண்ட் பற்றினார். அந்தக் கை இறுகப் பிடித்த வலிமையைக் கண்டு திகைத்தார். நோய் சில தசைகளை முடக்கியிருந்தாலும் வேறு தசைகள் வலுவோடு இருந்தன. நல்ல நிலையிலுள்ள தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவைச் சிகிச்சையை அவரும் அவர் குழுவினரும் வேலூரில் வளர்த்தெடுத்தனர்.

ஆயினும் அதனினும் பெரிய பாடம் அறுவை அரங்கிற்கு வெளியே கிடைத்தது. தொழுநோயே விரல்களை அழுகச்செய்து உதிர்க்கிறது என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். பிராண்டும் உடனிருந்தோரும் ஒவ்வொரு காயமும் எவ்வாறு நேர்ந்தது என்று பொறுமையாகத் தேடினர். சூடான பாத்திரத்தைத் துணியின்றித் தூக்கியதால் வந்தது ஒன்று. துருப்பிடித்த பூட்டில் சாவியை அழுத்தித் திருகியபோது சதை கிழிந்து எலும்பு தெரிந்தது இன்னொன்று. சிலருக்கு இரவில் உறங்கப் போகும்போது இருந்த விரலின் பகுதி காலையில் காணப்படவில்லை. விழித்திருந்து பார்த்தபோது, எலி கடித்துச் சென்றது தெரியவந்தது. வலி இல்லாததால் உறங்கியவர் விழிக்கவில்லை. அதன்பின் வீடு திரும்புகிறவர்களோடு ஒரு பூனையையும் அனுப்பிவைத்தனர்!

விரல்களைத் தின்றது நோய் அன்று, கவனிக்கப்படாத காயங்களே என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அப்படியானால் அவற்றைக் காக்கவும் முடியும். நாள்தோறும் கைகளையும் கால்களையும் கண்ணால் பார்த்துச் சோதிக்க நோயாளிகளுக்குக் கற்பித்தனர். பாதத்தை உறுத்தாத மிருதுவான ரப்பர் செருப்புகளைச் செய்து கொடுத்தனர். நரம்பு செய்யத் தவறிய வேலையைக் கண்ணும் மனமும் ஏற்றுக்கொண்டன. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நாங்கள் உங்களுக்கு எழுதிக் கொடுப்பதும் அவ்வகையைச் சேர்ந்ததே.

பிராண்ட் தம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றையும் பதிவு செய்துள்ளார். ஒருமுறை இங்கிலாந்தில், நெடும்பயணத்தின் களைப்போடு, இரவில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை என்று கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தொழுநோய் தம்மையும் பற்றிவிட்டது என்று எண்ணி அவ்விரவைக் கழித்தார். காலையில் மீண்டும் குத்தியபோது சுருக்கென்று வலித்தது. அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி செலுத்தினார். நாம் வேண்டாம் என்று தள்ளும் வலி, உடலுக்குக் காவலாகக் கடவுள் வைத்த கொடை என்பது அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்த செய்தி.

தொழுநோய்க்கு இன்று முழுமையாகக் குணமளிக்கும் கூட்டு மருந்துகள் உண்டு. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. நீரிழிவு வேறு நோய். ஆனால் உணர்ச்சியற்ற பாதத்தின் கதை இரண்டிலும் ஒன்றே. ஆகவேதான் வேலூரின் பாடம் நமக்கும் உரியதாகிறது.

வேதம் காட்டும் வழி

ஜெபித்தபின் மருந்து எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு எசேக்கியா அரசனின் வரலாற்றை நினைவூட்டுகிறோம். மரணப் படுக்கையில் அவன் அழுது ஜெபித்தான். ஆயுசு நாட்கள் கூட்டப்படும் என்ற நற்செய்தியை ஏசாயா தீர்க்கதரிசி கொண்டுவந்தார். அதே தீர்க்கதரிசிதான் அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் வைத்துக் கட்டச் சொன்னார். ஜெபம் கேட்கப்பட்டது, மருந்தும் கட்டப்பட்டது. அவற்றுள் ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடவில்லை.

பவுல் அப்போஸ்தலரின் கைகளால் பலர் குணமடைந்தனர் என்று வாசிக்கிறோம். அவரே தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்கும் அடிக்கடி நேரும் பலவீனத்திற்கும் அக்காலத்து மருந்தைக் கொள்ளும்படி எழுதினார். துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவர நேர்ந்தது. அதற்காக அவர்களுடைய விசுவாசத்தை அவர் குறை கூறவில்லை. அவரோடு பயணம் செய்த லூக்காவோ ஒரு வைத்தியர். யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய நம் ஆண்டவர், உடனே அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொன்னார். அத்தனை பெரிய அற்புதத்திற்குப் பின்னும் அச்சிறுமிக்குப் பசிக்கும் என்பதை அவர் மறக்கவில்லை.

நம் உடல் தூய ஆவியானவரின் ஆலயம் என்று வேதம் கூறுவதை நாம் அறிவோம். ஆலயத்தை நாள்தோறும் பெருக்கி விளக்கேற்றுகிறோம். கூரையில் ஒழுக்குக் கண்டால் உடனே அடைக்கிறோம். அந்த அக்கறையே இந்த ஆலயத்திற்கும் வேண்டும். ஆனால் நோயுற்றவர்களைப் பார்த்து, "ஆலயத்தைக் கெடுத்துவிட்டாய்" என்று குற்றம் சாட்ட எவருக்கும் உரிமையில்லை. நன்றாகப் பேணியவர்களுக்கும் நோய் வரும். நோய் தண்டனையன்று, பேணுதல் நன்றி செலுத்துதல்.

இரவு ஜெபத்தோடு ஒரு வழக்கம்

குடும்ப ஜெபம் முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து இரு பாதங்களையும் பாருங்கள். உள்ளங்காலைப் பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும். விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் உண்டா, குதிகாலில் வெடிப்பு உண்டா, எங்கேனும் கொப்புளமோ சிவப்போ கறுப்போ தெரிகிறதா என்று கவனியுங்கள். வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடையுங்கள். நீரின் சூட்டைக் காலால் சோதிக்க வேண்டாம், முழங்கையால் சோதியுங்கள். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் செருப்பணிந்து நடங்கள். அணியும் முன் செருப்பை உதறிப் பாருங்கள். காலாணியைப் பிளேடால் அறுக்க வேண்டாம். புண்ணில் காப்பித்தூளோ சுண்ணாம்போ மஞ்சளோ வைத்துக் கட்டி நாளைக் கடத்த வேண்டாம். வலி இல்லாவிட்டாலும், புண், வீக்கம், நாற்றம், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டால் அன்றே வாருங்கள். ஆண்டுக்கொருமுறை மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள். பீடி சுற்றும் தாய்மார் மணிக்கணக்காகக் கால் மடக்கி அமர்வதால், இடையிடையே எழுந்து நடப்பது நன்று.

லெந்து நாட்களில் உபவாசம் இருக்க விரும்புகிறவர்கள் முன்னரே மருத்துவரிடம் பேசுங்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு உண்ணாதிருந்தால் சர்க்கரை திடீரெனக் குறைந்து நினைவிழக்க நேரிடும். நோயாளிகளை உண்ணாநோன்பின் கடமையிலிருந்து கத்தோலிக்கத் திருச்சபையே விலக்கியுள்ளது. ரமலான் நோன்பிலும் நோயுற்றோர்க்குச் சலுகை உண்டு என்பதை எங்களிடம் வரும் இஸ்லாமியச் சகோதரர்கள் நன்கறிவர். உணவை விடமுடியாதவர்கள் வேறொன்றை விட்டுக்கொடுக்கலாம். புகையிலையையோ, கோபத்தையோ, அளவுக்கு மிஞ்சிய இனிப்பையோ விடுவதும் உபவாசமே.

உடனிருந்து காப்போருக்கு

முதியவர்களால் குனிந்து தம் பாதத்தைப் பார்க்க இயலாது. பல வீடுகளில் மகளோ மருமகளோ பேரனோதான் அதைச் செய்கின்றனர். பெரிய வியாழனன்று ஆலயத்தில் பாதம் கழுவும் சடங்கைக் காண்கிறோம். ஆண்டவர் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவிய அந்தச் செயலை, மாமியாரின் காலை மடியில் வைத்துப் பார்க்கும் மருமகள் ஆண்டு முழுதும் செய்கிறாள். அவளை யாரும் பாராட்டுவதில்லை. இந்த இதழின் வழியாக நாங்கள் அவளை வணங்குகிறோம்.

ஆனால் உங்களுக்கும் ஓர் உடல் உண்டு. நோயாளி உண்டபின் மிஞ்சியதை உண்டு, இரவெல்லாம் விழித்து, தம் இரத்த அழுத்த மாத்திரையை மறந்துபோகிறவர்களை வார்டில் அன்றாடம் காண்கிறோம். எலியா தீர்க்கதரிசி சோர்ந்து, சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்தபோது, தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மீண்டும் உறங்கவிட்டான், எழுப்பி மறுபடியும் உண்ணக் கொடுத்தான். அந்தப் பலத்தினால் அவர் நாற்பது நாள் நடந்தார். களைத்த உங்களுக்கும் முதலில் உணவும் உறக்கமுமே தேவை. ஓரிரவு வேறொருவரை உடனிருக்கச் சொல்லி வீட்டுக்குச் சென்று உறங்குங்கள். அது அன்பில் குறைவன்று.

மாத்திரையை நிறுத்தியிருப்பவர்கள் அதைச் சொல்ல அஞ்ச வேண்டாம். நாங்கள் கோபிக்கமாட்டோம். உங்களோடு அமர்ந்து ஜெபிக்கவும் ஆயத்தமாயிருக்கிறோம். ஜெபித்து முடித்ததும், செருப்பைக் கழற்றச் சொல்லி உங்கள் பாதங்களைப் பார்ப்போம்.