காப்புரிமை ஒப்பந்தம்: பங்குதாரருக்கும் சொல்லாத ரகசியம்

சுபாங் ஜெயா எஸ்எஸ்15 பக்கம் வேலை முடிந்து தே தாரிக் குடிக்க உட்காரும் இளைஞர்களின் பேச்சில் இப்போது பங்குச் சந்தைக்கும் ஓர் இடம் உண்டு. கைப்பேசியிலேயே கணக்கு திறந்து, நூறு பங்கு, இருநூறு பங்கு என்று வாங்குகிறார்கள். அப்படி வாங்கிய என் உறவுக்காரப் பையன் ஒருவன் நிறுவன அறிவிப்பு ஒன்றை என்னிடம் காட்டினான்.

"மாமா, காப்புரிமை ஒப்பந்தம் கையெழுத்தாச்சுன்னு போட்டிருக்காங்க. எவ்வளவு பணம்னு மட்டும் இல்ல. நாமளும் பங்குதாரர்தானே, நமக்கே சொல்லக்கூடாதா?"

நியாயமான கேள்வி. கணக்காய்வுத் துறையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாடகை வீட்டுக் கணக்கு

கல்லூரிகள் நிறைந்த நம் வட்டாரத்தில் வீட்டை அறை அறையாக மாணவர்களுக்கு வாடகைக்கு விடுபவர்கள் பலர். ஐந்து அறைக்கு ஐந்து வாடகை இருக்கும். பேரம் பேசத் தெரிந்தவருக்குக் குறைவு, அவசரத்தில் வந்தவருக்குக் கூடுதல். அந்த ஐந்து தொகையையும் வாசலில் எழுதி ஒட்டினால் என்ன ஆகும்? அடுத்து வருபவர் ஆகக் குறைந்த வாடகையைத்தான் கேட்பார்.

காப்புரிமையும் இப்படித்தான். ஒரே கண்டுபிடிப்பைப் பயன்படுத்தும் உரிமத்தைப் பத்து நிறுவனங்களுக்குப் பத்து விலையில் கொடுக்கலாம். முதலீட்டாளருக்கென்று அறிவிக்கும் தொகையை, அடுத்து பேரம் பேச வருபவரும் அதே நிமிடத்தில் படித்துவிடுவார். பங்குதாரர் காதில் மட்டும் சொல்ல வழியே இல்லை. ரகசியத்தின் முதல் காரணம் இதுதான்.

பணம் கட்டும் நிறுவனத்துக்கும் காரணம் உண்டு. தொகை தெரிந்தால், அதன் உற்பத்திச் செலவைப் போட்டியாளர் கணக்குப் போட்டுவிடுவார். இவர்கள் கேட்டால் கொடுப்பவர்கள் என்று தெரிந்ததும், வேறு காப்புரிமைக்காரர்களும் வாசலில் வந்து நிற்பார்கள். ஆகவே இரு தரப்பும் விவரத்தை வெளியிட மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கின்றன. பிறகு ஒருவர் சொல்ல விரும்பினாலும் அது ஒப்பந்த மீறலாகிவிடும்.

தானாக வெளிவந்த தொகைகள்

மைக்ரோசாஃப்ட், சாம்சுங் இரண்டும் 2011இல் உரிம ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்காக சாம்சுங் எவ்வளவு கொடுக்கிறது என்பது வெளியே தெரியவில்லை. 2014இல் இருவரும் நீதிமன்றம் போனபோதுதான், ஒரே ஆண்டுக்கு 1 பில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல் கொடுக்கப்பட்டது ஆவணங்களில் வெளிவந்தது. அந்த வழக்கு 2015 பிப்ரவரியில் சமரசமானது. சமரச விவரம் மறுபடியும் ரகசியம்!

2019 ஏப்ரலில் ஆப்பிளும் குவால்காமும் தங்கள் வழக்குகளை முடித்துக்கொண்டன. ஆறு ஆண்டு உரிமம் என்றார்கள், தொகையைச் சொல்லவில்லை. ஆனாலும் குவால்காம் பங்கு ஒரே நாளில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. இரண்டு வாரம் கழித்து வந்த காலாண்டு அறிக்கையில், இந்தச் சமரசத்தால் 4.5 முதல் 4.7 பில்லியன் டாலர் வருமானம் பதிவாகும் என்று குவால்காம் சொன்னது. ஒப்பந்தம் மறைத்ததைக் கணக்குப் புத்தகம் காட்டிக்கொடுத்தது.

இந்திய மருந்து நிறுவனங்களின் பங்கு வைத்திருப்பவர்களுக்கு ரெவ்லிமிட் கதை தெரிந்திருக்கும். இது அமெரிக்காவின் செல்ஜீன் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்த இரத்தப் புற்றுநோய் மருந்து. 2020 செப்டம்பரில் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் செல்ஜீனோடு சமரசம் செய்து, குறிப்பிட்ட அளவு மட்டும் விற்கும் உரிமம் பெற்றது. எவ்வளவு விற்கலாம் என்பது ரகசியம். 2022 மார்ச்சுக்குப் பிறகு விற்கலாம் என்றார்களே தவிர, எந்தத் தேதி என்பதும் ரகசியம்! 2026 ஜனவரி 31 முதல் கட்டுப்பாடு இல்லை என்பது மட்டும் தெளிவாகச் சொல்லப்பட்டது. ஏறக்குறைய ஈராண்டு காலம், பங்குதாரர்கள் ஒரு பெரிய வருமானத்தை ஊகத்திலேயே எடைபோட வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரில் விற்பனை தொடங்கிய பிறகே காலாண்டுக் கணக்கில் அதன் பலன் தெரிந்தது.

நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் இது புதிதல்ல. 2007இல் அமெரிக்காவின் டில்லட்சன் நிறுவனம், நைட்ரைல் கையுறைக்கான தன் காப்புரிமையை மீறியதாக அமெரிக்க அனைத்துலக வாணிப ஆணையத்தில் புகார் செய்தது. அதில் டாப் குளோவ், கோசான் போன்ற நம் நாட்டு நிறுவனங்களும் இழுக்கப்பட்டன. இறக்குமதித் தடை வந்தால் அமெரிக்கச் சந்தையே போய்விடும். 2008 இறுதியில் விதிமீறல் இல்லை என்று ஆணையம் முடிவு செய்தது. வழக்கு என்பதால் பங்குதாரர்களால் ஒவ்வொரு கட்டத்தையும் பின்தொடர முடிந்தது. இப்படிப்பட்ட தகராறு நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடிக்கப்பட்டால், நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பத்திதான்.

விதி என்ன சொல்கிறது?

பங்கு விலையையோ முதலீட்டாளரின் முடிவையோ பெரிதாகப் பாதிக்கக்கூடிய தகவலை உடனே அறிவிக்க வேண்டும் என்பது புர்சா மலேசியாவின் விதி. விதிவிலக்கான சூழலில் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். ஆனால் தகவல் கசிந்தாலோ, பங்கு விலை வழக்கத்துக்கு மாறாக ஆடினாலோ உடனே அறிவித்தாக வேண்டும்.

ஆக, முக்கியமான ஒப்பந்தம் நடந்ததையே மறைப்பது வேறு, அதில் உள்ள ஒரு தொகையைச் சொல்லாமல் விடுவது வேறு. முன்னது விதிமீறலாகலாம். பின்னதற்குச் சட்டத்தில் இடம் கிடைக்கிறது. கணக்கு விதிகளே அதற்கு வழி விடுகின்றன. ஒரே வாடிக்கையாளரிடமிருந்து 10 விழுக்காடோ அதற்கு மேலோ வருமானம் வந்தால் தொகையைச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. வழக்குக்காக ஒதுக்கிய தொகையின் விவரம் எதிராளிக்கு ஆயுதமாகிவிடும் என்றால், மிக அரிதான சூழலில் அதையும் தவிர்க்கலாம்.

ஆனால் எல்லா ரகசியமும் நல்ல எண்ணத்தில் பிறப்பதில்லை. மோசமான பேரத்தை மறைக்கவும் இதே திரை உதவும். எரிக்சன் மீது மைக்ரோமேக்ஸ் 2013இல் புகார் செய்தபோது, மற்றவர்களுக்குக் கொடுத்த விதிமுறைகளைக் காட்ட மறுப்பது பாரபட்சச் சந்தேகத்தை வலுப்படுத்துகிறது என்றே இந்தியப் போட்டி ஆணையம் கருதியது. அந்த ஆணையத்துக்கு இதை விசாரிக்க அதிகாரம் இல்லை என்று டில்லி உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது தனிக்கதை.

நாம் எங்கே பார்ப்பது?

அறிவிப்பு வந்த நாளில் ஆசைப்பட்டோ பயந்தோ வாங்கி விற்க வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று காலாண்டு அறிக்கைகளைப் பாருங்கள். ராயல்டி வருமானம் திடீரென ஏறியிருக்கிறதா? அது ஒரு முறை வந்த பணமா, தொடர்ந்து வருவதா? ஆப்பிள் கொடுத்ததுபோல் பழைய பாக்கியும் சேர்ந்த பெருந்தொகை அடுத்த ஆண்டு வராது. பணம் கட்டும் நிறுவனமாக இருந்தால், விற்பனை ஏறியும் லாப விழுக்காடு இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஆண்டறிக்கையில் புலப்படாச் சொத்து, வழக்குகள், ஒதுக்கீடுகள் பற்றிய குறிப்புகள் சிறிய எழுத்தில்தான் இருக்கும். அவற்றைப் படிக்காமல் விடாதீர்கள்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்க நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் உரிமை உண்டு. "எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்டால், ரகசியம் என்று சொல்லிவிடுவார்கள். "உரிமம் எந்த ஆண்டு முடிகிறது? முடிந்த பிறகு வருமானத்தில் எத்தனை பங்கு குறையும்?" என்று கேளுங்கள். ஒப்பந்தத்தை மீறாமலே இதற்கு ஓரளவு பதில் சொல்ல முடியும். அதற்கும் வாய் திறக்காத நிர்வாகத்திடம் உங்கள் சேமிப்பு இருக்கலாமா என்பதை அப்போது நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.